உருகாத ஐஸ்

மேடம் தன் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்தப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு தெர்மாகோல் பெட்டிகள். எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்க, இன்சுலின்தான்," என்றேன் நான். "வேற எதையும் ஏத்திக்கிற அளவுக்கு எங்க துப்பறியும் தொழில்ல வருமானம் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. மேடத்தின் கையிலிருந்த பேனா மாதிரியான ஊசியைப் பார்த்தாள். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்துப் போகும், கொஞ்சம் தள்ளிக் குத்துங்கள் என்றாள். கேஸ் கொடுக்க வந்தவள் வைத்தியம் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மேடம் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் குத்திக்கிறீங்களா?"

"இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து குத்திக்கணும் மேடம். குத்திக்கலாமா வேண்டாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

எங்கள் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில், செத்தவர்கள் நிஜமாகவே செத்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். நான் அவருடைய உதவியாளன். எனக்கு அவர் வைத்த பெயர் ஓட்டைவாய், அவசரத்துக்கு ஓட்டை. கொஞ்ச நாளாக எங்களுக்கு வந்ததெல்லாம் லேட்டாக வீட்டுக்கு வரும் கணவன்மார் கேஸ்தான். மூச்சு வாங்கப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால் ஆசாமி பார்க்கில் தனியாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பான். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் போய் அவன் மனைவியிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் இரண்டு பேருமே சலித்துப் போயிருந்தோம்.

வந்தவள் ஒரு பல் லேபில் வேலை செய்பவள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செதுக்குவது அவள் தொழில். கணவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. டெஸ்ட் டியூப் சிகிச்சை எடுக்கிறார்கள். ஒவ்வொரு ரவுண்டும் ஊசியில் ஆரம்பிக்கும் என்று விளக்கினாள். கருமுட்டை வளர்வதற்காகத் தினமும் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும், மருந்து எப்போதும் ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும். அதன் விலையைக் கேட்டாலே பாதிப் பேருக்கு மயக்கம் வந்துவிடும். அதே கம்பெனியின் அதே மருந்து வேறு சில நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறதாம்.

அதனால் இந்தச் சிகிச்சையில் இருக்கும் பெண்களெல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டில் எந்தக் கடை நம்பகமானது, டாக்டர் சீட்டை எப்படி அனுப்புவது, யாருடைய சொந்தக்காரர் எப்போது விமானம் ஏறுகிறார், கஸ்டம்ஸில் என்ன சொல்ல வேண்டும் எல்லாம் அதில் ஓடும். இவளும் ஒருமுறை வெளிநாட்டுக் கடையில் நேரடியாக ஆர்டர் செய்திருக்கிறாள். பார்சல் கஸ்டம்ஸ் கிடங்கில் வெயிலில் கிடந்து, கைக்கு வந்தபோது டீ கிளாஸ் மாதிரி சுட்டது. அத்தனையும் குப்பைக்குப் போனது. அந்த ரவுண்டும் அதோடு போனது. போதும், விட்டுவிடலாம் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் முடிவு செய்திருந்த நேரத்தில்தான் 'பார்சல் அக்கா' வந்தாள்.

பார்சல் அக்கா என்பது குரூப்பில் அவள் வைத்திருந்த பெயர். சொந்தக்காரர் விமானத்தில் கொண்டு வருவார், மூன்றில் ஒரு பங்கு விலை, மருந்து கைக்கு வந்தபிறகு காசு அனுப்பினால் போதும் என்று தனியாக மெசேஜ் அனுப்பினாளாம். போன் செய்தால் எடுக்க மாட்டாள். குரலையே யாரும் கேட்டதில்லை. திங்கட்கிழமை ஒரு பெட்டி வந்தது. மிச்ச மருந்தோடு அடுத்த பெட்டி இன்று காலை வந்தது.

"நேத்து குரூப்ல ஒருத்தங்க அழுதுட்டே போட்டிருந்தாங்க மேடம். இதே மாதிரி கம்மி விலைக்கு யார்கிட்டயோ வாங்கி, பத்து நாள் குத்திக்கிட்டு, கடைசியில பாத்தா உள்ள வெறும் தண்ணியாம்."

இவளுக்கு இது கடைசி ரவுண்டு. முட்டை கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறது, இந்த மாதத்தை விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியில் வாங்கிய மருந்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரியும் கைகழுவிவிட்டது. இன்று சாயங்காலம் முதல் ஊசி போட்டாக வேண்டும். அது தண்ணீராக இருந்து போட்டுக்கொண்டாலும் வாய்ப்பு போச்சு. நிஜ மருந்தாக இருந்து பயந்துகொண்டு போடாமல் விட்டாலும் போச்சு. லேபில் கொடுத்து சோதிக்கலாமே என்றார் மேடம். விசாரித்தாளாம், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகுமாம். இங்கேயே கடையில் வாங்கிவிட முடியாதா என்று நான் வாயைக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம் மேடம். யார் என்னன்னு கூட வேண்டாம். மருந்தா தண்ணியா, அது மட்டும் சொல்லுங்க."

மருந்தை அவள் வேலை செய்யும் இடத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பெட்டிகளையும் மருந்து இருந்த காலி அட்டையையும் மேஜை மேல் வைத்துவிட்டு, நாலு பேருடைய பல் காத்துக்கொண்டிருக்கிறது என்று எழுந்தாள். போகும்போது அவளே சொன்னாள். "நல்லவங்க மாதிரிதான் தெரியுது மேடம். எவ்வளவு அக்கறையா பேக் பண்றாங்க. ஐஸ் இன்னும் கல்லு மாதிரி இருக்கு பாருங்க."

அவள் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மேடம் இன்று வந்த பெட்டியைத் திறந்து, ஐஸ் பாக்கெட்டை எடுத்து மேஜை ஓரத்தில் தட்டினார். டொக் என்றது.

"ஓட்டை, இதை உன் தலையில அடிச்சா என்ன ஆகும்?"

"மண்டை உடையும். கேஸை முடிக்க அதுதான் வழின்னா அடிங்க மேடம்."

"என் இன்சுலின் பக்கத்துத் தெருக் கடையில இருந்து இங்க வர்றதுக்குள்ள ஐஸ் கொழகொழன்னு ஆயிடுது. இது கடல் தாண்டி, விமானத்துல வந்து, கஸ்டம்ஸ்ல நின்னு, கொரியர்காரன் பைக்ல சுத்தி வந்திருக்கு. ஆனா கல்லு மாதிரி இருக்கு."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்தப் பெட்டி எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை. காலையில் இதே ஊரில் யாரோ கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியானால் வெளிநாடு என்பது பொய், மலிவு விலை என்பது தூண்டில், உள்ளே இருப்பது தண்ணீர். நான் அப்படியே சொன்னேன். எட்டு வருடம் காத்திருந்தவளிடம் போய் இதை யார் சொல்வது, நான் மாட்டேன் என்றும் சொன்னேன்.

மேடம் காதில் வாங்கவில்லை. காலி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஓரத்தில் சதுரமாகப் பசை ஒட்டியிருந்தது. அங்கே இருந்த ஸ்டிக்கரை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

"இது கடைக்காரன் ஒட்டற விலை ஸ்டிக்கர். வெளிநாட்டுல வாங்கினா விலை கம்மியாத்தானே இருந்திருக்கும்? கம்மி விலையை எவனாவது மெனக்கெட்டு சுரண்டுவானா?"

"புரியல மேடம்."

"எனக்கும் இன்னும் புரியல. ஆனா இடிக்குது."

அடுத்தது பேப்பர். மருந்து ஆடாமல் இருக்க இரண்டு பெட்டியிலும் செய்தித்தாளைக் கசக்கி அடைத்திருந்தார்கள். நமக்குத் தலையும் புரியாத வாலும் புரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. வெளிநாட்டுப் பார்சல் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பார்த்தவர்கள் நம்பியிருப்பார்கள். மேடம் இரண்டையும் பிரித்து, கையால் நீவி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேலே எண்ணில் இருந்த தேதி இரண்டிலும் ஒன்றே. திங்கட்கிழமைப் பெட்டியில் முதல் தாள், இன்றைய பெட்டியில் அடுத்த தாள்.

"வெளிநாட்டுல இருந்து அனுப்பறவங்களுக்கு வெளிநாட்டுப் பேப்பருக்கா பஞ்சம்? கையில இருந்ததே ஒரே ஒரு பேப்பர். அதைத் தாள் தாளாப் பிச்சு, அடுத்த பெட்டிக்குன்னு பத்திரப்படுத்தி வெச்சிருக்காங்க." மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "கஞ்சத்தனமான மோசடிக்காரியா இருக்காளே."

நான்காவது துப்பு மட்டும் என்னுடையது, அதைச் சொல்லிக்கொள்ளாமல் விட மாட்டேன். இரண்டு ஐஸ் பாக்கெட்டின் மேலும் சின்ன வட்ட ஸ்டிக்கர் இருந்தது. ஒன்று மஞ்சள், இன்னொன்று பச்சை. மேடம் கஸ்டம்ஸ் முத்திரையோ என்று யோசித்தார். நான் முன்பு ஒரு பெரிய ஹோட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவியவன். வாய் நீளம் என்று அனுப்பிவிட்டார்கள், அது வேறு கதை. மொத்தமாகச் சமைக்கும் இடங்களில் குளிர் அறைக்குள் போகும் எதன் மேலும் கிழமைக்கு ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எது என்றைக்கு உள்ளே போனது, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. இது பெரிய கிச்சன் ஒன்றிலிருந்து வந்த ஐஸ் என்றேன்.

மேடம் என்னை மரியாதையாகப் பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்.

"பெரிய கிச்சன். குளிர் அறை. வெளிநாட்டுக்காரன் படிச்சுட்டுப் போட்ட பேப்பர். இது மூணும் ஒரே இடத்துல எங்கடா இருக்கும்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். ஜெராக்ஸ் கடைக் கட்டடமே அதிர ஒரு விமானம் போய்க்கொண்டிருந்தது.

*

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கிச்சன் ஓடுபாதைக்குப் பின்பக்கம், மரமே இல்லாத ஒரு சாலையில் இருந்தது. பயணிகள் தின்றுவிட்டுப் போட்ட தட்டும், படித்துவிட்டுப் போட்ட பேப்பரும் அங்கேதான் திரும்பி வரும். உள்ளே நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒருத்தியைப் பெயரும் தெரியாமல் முகமும் தெரியாமல் எப்படிப் பிடிப்பது? கேட்டுக்கு எதிரில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் மேடம் தெர்மாகோல் பெட்டியை என் கையில் கொடுத்து மூடியைத் திறந்துவிட்டார்.

"ஷிப்ட் முடிஞ்சு வெளிய வருவாங்க. நீ இதைத் திறந்து பிடிச்சுக்கிட்டு வெயில்ல நில்லு. எல்லாரும் பாக்கிற மாதிரி."

"நின்னா?"

"அனுப்பினவளுக்குத் தன் பெட்டி அடையாளம் தெரியும். தெரிஞ்சதும் ஏதாவது செய்வா."

"ஓடுவா. நான் துரத்தணும். என் முழங்காலை நினைச்சுப் பாத்தீங்களா?"

மேடம் பஸ் நிறுத்தத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் உச்சி வெயிலில் திறந்த பெட்டியோடு, ஐஸ்கிரீம் எல்லாம் விற்றுத் தீர்ந்தவன் மாதிரி நின்றேன். சங்கு ஊதியது. கும்பல் கும்பலாக வெளியே வந்தார்கள். இரண்டு பேர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் என்ன விலை என்று கேட்டார். காவல்காரர் வந்து ஓரமாகப் போ என்றார். கூட்டம் குறைந்தது. யாரும் ஓடவில்லை. மேடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். திட்டம் ஊற்றிக்கொண்டது, இனி அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டிலிருந்து கடைசியாக ஒருத்தி வெளியே வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. தலையில் வலைத்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், நின்றாள். நான் ஓடத் தயாரானேன். அவள் என்னை நோக்கி ஓடிவந்து மூடியைப் பிடுங்கிப் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? இப்படி வெயில்ல திறந்து வெச்சா உள்ள இருக்கிறது கெட்டுப் போயிடாது?"

ஏமாற்றுக்காரி தண்ணீருக்காக ஏன் பதற வேண்டும்? அவளே மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் முகம் வெளிறிவிட்டது.

"மருந்து எங்க? அவளுக்கு ஒண்ணும் ஆகலையே? ஏன் இது உங்க கையில இருக்கு? சொல்லுங்க, அவளுக்கு என்ன ஆச்சு?"

மேடம் அதற்குள் எழுந்து வந்திருந்தார். அவள் தோளைத் தொட்டு, ஒன்றும் ஆகவில்லை, லேபில் உட்கார்ந்து பல் செதுக்கிக்கொண்டிருக்கிறாள், மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் மூச்சு விட்டாள்.

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் மேடம்.

"நாத்தனார்," என்றாள் அவள். "அவ புருஷன் என் கூடப் பிறந்த தம்பி."

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவளுக்கு இன்னொரு ஷிப்டும் இருந்தது. இடையில் சாப்பிடத்தான் வெளியே வந்திருந்தாள். சாப்பாடு என்றால், விமானத்தில் யாரும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிய சின்ன பன் இரண்டு. எங்களுக்கும் நீட்டினாள். குளிர் அறையில் வேலை செய்து செய்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

வெளிநாடும் இல்லை, விமானத்தில் வரும் சொந்தக்காரரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருக்கும் பெரிய மருந்துக் கடையில் முழு விலை கொடுத்து இவள்தான் வாங்குகிறாள். விலை ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தம்பி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்கிறாள். மிச்சத்தைக் கட்டத்தான் இரண்டு ஷிப்ட். ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு மோசடியை நான் பார்த்ததே இல்லை. அவளிடமே அதைச் சொன்னேன். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"நேராக் கொடுத்திருக்கலாமே?" என்றார் மேடம்.

"என் கையால கொடுத்தா வாங்குவாளா அவ?"

பிறகு அதையும் சொன்னாள். மூன்று வருடம் முன்பு இதே சிகிச்சையில் கரு தங்கி, கலைந்துபோனது. ஆஸ்பத்திரியில் தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதானாம். இவளுக்குத் தாங்கவில்லை.

"பழுதான லிஃப்டை எத்தனை நாளைக்குடா ரிப்பேர் பண்ணிட்டே இருப்ப, கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டுன்னு சொல்லிட்டேன். அவன்கிட்டதான் சொன்னேன். அவ அந்தத் திரைக்குப் பின்னாடியே படுத்திருந்திருக்கா. நான் பாக்கலை. பாக்காம சொன்னேன்னா மட்டும் அது சரியாயிடுமா?"

அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. தம்பி மட்டும் எப்போதாவது போன் செய்வான், வீட்டுக்குத் தெரியாமல். போன முறை பேசும்போது, இனி முடியாது அக்கா, நிறுத்திவிட்டோம் என்றானாம். அந்த வாரமே இவள் வேறு பெயரில் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். தம்பிக்குக் கூடச் சொல்லவில்லை.

மேடம் ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் கடைக்குப் போன் போட்டார். காலி அட்டையிலிருந்த பேட்ச் நம்பரைப் படித்தார். எங்களிடம் விற்றதுதான், கம்பெனியிலிருந்து நேராக வந்த சரக்கு என்றார் கடைக்காரர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரும் அம்மாதானே வாங்கினார்கள் என்று அவரே கேட்டார். ஆக, மருந்து அசல். எனக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் அந்த அம்மாள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் அனுப்பினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். தெரிந்தால் மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள், ரோஷக்காரி, கடைசி வாய்ப்பும் என்னால் போன மாதிரி ஆகிவிடும் என்று அழுதாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார் மேடம்.

*

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மேடம் பெருமூச்சு விட்டுக்கொண்டே வந்தார். மருந்து வெளிநாட்டிலிருந்துதான் வந்தது, அசல்தான் என்று ஒரு பொய் சொல்லி முடித்துவிடலாமே என்றேன். ஏற்கனவே பொய் சொல்லித்தான் அந்தப் பெண்ணை இவ்வளவு தூரம் பயப்பட வைத்திருக்கிறார்கள், இன்னொரு பொய்யை நம்பி அவள் எப்படி உடம்பில் குத்திக்கொள்வாள் என்றார். அப்படியானால் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றார். சிக்னலில் நின்றபோது, இந்தத் தொழிலை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிடலாமா என்று கேட்டேன். அங்கேயும் ஆள் எடுக்கவில்லை என்றார்.

பல் லேப் ஒரு நீளமான அறை. மேஜை முழுக்கப் பற்கள், ஆள் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் விளக்குக்கு அடியில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மெஷினை அணைத்தாள். உட்காரச் சொல்லக் கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"மருந்துதான்," என்றார் மேடம். "அசல். தாராளமாப் போட்டுக்கோங்க."

"எப்படித் தெரியும்?"

மேடம் சொன்னார். வெளிநாடு என்பது பொய், மருந்து இங்கேயே நல்ல கடையில் வாங்கியது, நம்பரைச் சரிபார்த்தாகிவிட்டது. யார் வாங்கினார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

அவள் ரொம்பக் களைத்த குரலில் கேட்டாள்.

"இங்க வாங்கினா முழு விலை. முழு விலைக்கு வாங்கி எனக்கு ஏன் கம்மிக்குக் கொடுக்கணும்? யாராவது செய்வாங்களா? நம்புங்க, நம்புங்கன்னு எட்டு வருஷமா எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மேடம். டாக்டர் சொல்றாரு, நர்ஸ் சொல்றாங்க. இப்ப நீங்களும் பேரு சொல்லாம நம்புன்னு சொல்றீங்க. எதை வெச்சு நான் குத்திக்கறது?"

நியாயமான கேள்வி. மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இவள் இன்று ஊசி போடாமல் விட்டுவிடப் போகிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"பெட்டியை வெயில்ல திறந்து வெச்சேங்க," என்றேன் நான். "ஓடிவந்து மூடினாங்க. உள்ள காலியா இருந்ததும் உங்களுக்கு என்ன ஆச்சுன்னு தான் முதல்ல கேட்டாங்க. ரெண்டு ஷிப்ட் பாக்கறாங்க. அனுப்பினது யாருன்னு தெரிஞ்சா நீங்க மருந்தைத் தூக்கிக் குப்பையில போட்டுருவீங்கன்னு பயந்து அழறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. மேடத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"வாக்குக் கொடுத்தது நான்தானே," என்றார் மெதுவாக. "உன்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைச்ச?"

பல் லேப் பெண் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. கையிலிருந்த பல்லை மேஜை மேல் வைத்தாள். யார் கொடுத்தது என்று தெரிந்தால் கடைசி மருந்தையே தூக்கிப் போடும் அளவுக்குப் பகையானவர்கள் அவளுக்கு உலகத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. முகம் முதலில் கறுத்தது. ஃபிரிட்ஜ் பக்கம் நடந்துபோய்க் கதவைத் திறந்தாள். ஐயோ, குப்பையில் தூக்கிப் போடத்தான் போகிறாள் என்று நான் ஓரடி முன்னால் வைத்தேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவள் ஃபிரிட்ஜைத் திறந்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கதவைச் சாத்தினாள், மருந்து உள்ளேயே இருந்தது.

போனை எடுத்து, பார்சல் அக்காவின் பெயரைத் தேடி, குரல் பதிவு பட்டனை அழுத்தினாள்.

"மருந்து வந்துடுச்சு. இன்னைக்கு சாயங்காலம் முதல் ஊசி. எனக்குக் கை நடுங்குது, தனியாப் போட்டுக்க முடியாது. அவருக்கும் இன்னைக்கு லேட்டாகும்." கொஞ்சம் நிறுத்தினாள். போனைப் பிடித்திருந்த கை துளியும் நடுங்கவில்லை. "நான் எதையும் மறக்கல. மறப்பேன்னும் தோணல. ஊசி போடத்தான் கூப்பிடறேன். வாங்க அண்ணி."

பட்டனை விட்டாள். செய்தி போய்ச் சேர்ந்தது. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டுவிட்டதற்கான நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறார் என்று வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. ஷிப்ட் நடுவில் விட மாட்டார்கள், இரண்டாவது ஷிப்டைப் பாதியில் விட்டால் வேலையே போகலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. அவள் படித்தாள், மேடத்திடம் போனை நீட்டினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேய்த்த பல்லை மறுபடி கையில் எடுத்தாள்.

'பூட்ஸைக் கூடக் கழட்டலை. பஸ் ஏறிட்டேன்.'